படி எடுத்தலும் மீட்டு எடுத்தலும்

பாண்டிய நாட்டில் முன்னொரு காலத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும் பஞ்சம் நிலவியது என்று இறையனார் களவியல் உரை கூறுகிறது. பசி மிகுந்தபோது மதுரையில் இருந்த அரசன் தன் புலவர்களை அழைத்து, இனி அவர்களைக் காக்கத் தன்னால் இயலாது என்றும், நாடு செழித்த பின் திரும்பி வரலாம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டான். பஞ்சம் நீங்கி மழை பெய்தது. அரசன் எல்லாத் திசைகளுக்கும் ஆள் அனுப்பி நூல் வல்லவர்களைத் திரட்டினான். எழுத்ததிகாரம் அறிந்தவர் வந்தனர். சொல்லதிகாரம் அறிந்தவரும் வந்தனர். பொருளதிகாரம் அறிந்தவரை மட்டும் எங்குத் தேடியும் காணவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வது பொருளுக்காக அன்றோ, அது இல்லாவிட்டால் இவை இருந்து என்ன பயன் என்று அரசன் வருந்தினானாம். அதன்பின் ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரங்களைச் செய்து செப்பேட்டில் எழுதி அருளினான் என்று அக்கதை தொடர்கிறது. இன்று தொல்காப்பியப் பொருளதிகாரம் நம் கையில் இருக்கிறது என்பது வேறு செய்தி.

மாணவியரே, இக்கதையில் ஒன்றைக் கவனியுங்கள். பொருள் அறிந்தவர் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் என்றோ ஒரு நாள் இல்லாமற் போயிருக்க வேண்டும். ஆனால் அரசனுக்கு அது தெரிந்தது அவன் அழைத்த நாளில்தான். அதுவரை மூன்றும் எங்கோ பத்திரமாக இருக்கின்றன என்றே அவன் எண்ணியிருந்தான். கணிப்பொறியில் செய்திகளைச் சேமித்து வைக்கும் நம் காலத்திலும் இதே நிலை பல அலுவலகங்களுக்கு நேர்ந்திருக்கிறது. தரவுத்தளச் சர்வருக்குக் காப்புப்படி எடுப்பது எப்படி, எடுத்த படியிலிருந்து மீட்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். கணிப்பொறிக்காரர் பேச்சில் முன்னதற்குப் பேக்கப் என்றும் பின்னதற்கு ரெஸ்டோர் என்றும் பெயர்.

பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு என்று கனமான அட்டை போட்ட ஒரு புத்தகம் உண்டு. மாணவியின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் அனைத்தும் அதில் மையினால் எழுதப்பட்டிருக்கும். அறுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் பாஸ்போர்ட்டுக்கோ ஓய்வூதியத்திற்கோ பிறந்த தேதிச் சான்று வேண்டித் தாம் படித்த பள்ளியின் படியேறி வந்தால், அலுவலகத்தார் அந்தப் பழைய ஏட்டைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். இன்று அதே செய்திகள் கணிப்பொறியிலும் பதியப்படுகின்றன. மதிப்பெண், கட்டணம், நூலகப் புத்தகம், வருகைப் பதிவு எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக ஓரிடத்தில் சேர்ந்திருப்பதே தரவுத்தளம். அதனைக் காத்து, பல அறைகளிலிருந்து கேட்பவர்க்கெல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் கணிப்பொறி சர்வர். மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்றவை அச்சர்வரில் இயங்கும் தரவுத்தள மென்பொருள்கள். இவை விலையின்றியே கிடைக்கின்றன.

சர்வரின் வட்டு ஒரு நாள் கெட்டுப் போகும். கெடுமா என்று கேட்க வேண்டியதில்லை, எப்போது என்று மட்டும் கேட்கலாம். மே மாத வெயிலும் புழுதியும் திடீர் மின்வெட்டும் நம் ஊரில் அந்நாளை விரைவிலேயே கொண்டு வந்துவிடும். எனவே படி ஒன்று வேண்டும். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயம் எல்லாம் எத்தகைய படி என்பதில்தான்.

ஒரு கடிதத்தையோ புகைப்படத்தையோ படி எடுப்பது எளிது. அது அசையாமல் இருக்கிறது, நாம் எடுத்துக்கொள்கிறோம். தரவுத்தளம் அப்படி இராது. படி எடுத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் அதில் எழுதிக்கொண்டிருப்பார். நூலகத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுக் கல்லூரி, பள்ளி நூலகங்கள் பலவற்றில் கோஹா என்னும் மென்பொருள் இயங்குகிறது. நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்திற்காக எழுதப்பெற்று 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு என்று பொருள். ஒரு மாணவி புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கோஹா இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'வெளியே சென்ற புத்தகங்கள்' என்ற அட்டவணையிலிருந்து ஒரு வரியை நீக்குகிறது. 'திரும்பி வந்தவை' என்ற அட்டவணையில் அதே வரியைச் சேர்க்கிறது. நாம் சாதாரண முறையில் கோப்புகளைப் படி எடுத்துக்கொண்டே போகையில், இரண்டாம் அட்டவணையை முதலில் எடுத்து, சற்று நேரம் கழித்து முதல் அட்டவணையை எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட நேரத்தில் மாணவி புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நம் படியில் அந்தப் புத்தகம் வெளியேயும் இல்லை, உள்ளே வந்ததாகவும் இல்லை! இப்படிப் பாதி மாறியும் பாதி மாறாமலும் எடுத்த படியைப் பல சமயம் சர்வர் திறக்கவே மறுத்துவிடும்.

ஆகவே தரவுத்தள மென்பொருளிடமே படி கேட்க வேண்டும். 'இந்த நொடியில் நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே எழுதிக் கொடு' என்று கட்டளை இட்டால், அதன் பின் வரும் மாற்றங்களை ஒதுக்கி வைத்து, அந்த ஒரு நொடியின் நிலையை மட்டும் ஒரே கோப்பாக அது எழுதித் தரும். அக்கோப்பினை டம்ப் என்பர். பெயர் அழகாக இல்லை, வேலை செம்மையானது.

டம்ப் இரவு பத்து மணிக்கு எடுக்கப்படுகிறது. மறுநாள் மாலை நான்கு மணிக்கு வட்டு கெட்டால் அந்தப் பதினெட்டு மணி நேரத்து வேலை போய்விடுமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு விடை நம் கீழமாசி வீதிக் கடைக்காரர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். வியாபாரி இரண்டு வகைக் கணக்கு வைத்திருப்பார். நடந்ததை நடந்த வரிசையில் அன்றன்றே எழுதுவது நாள்வழி. யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. பேரேட்டைக் கரையான் அரித்துவிட்டாலும், சென்ற ஆண்டு முடிவில் எடுத்த இருப்புக் கணக்கும் அதன் பிறகு எழுதிய நாள்வழியும் இருந்தால் போதும். வரி வரியாகப் பதிந்து கொண்டே வந்தால் பேரேடு பழையபடி உருவாகிவிடும். தரவுத்தளமும் அவ்வாறே ஒவ்வொரு மாற்றத்தையும் லாக் என்னும் நாள்வழியில் எழுதிக்கொண்டே வருகிறது. மரியாடிபி போன்றவற்றில் இரவில் எடுத்த டம்ப், அதன் பின் எழுதப்பட்ட லாக், இவை இரண்டும் சேர்ந்தால் வேண்டிய நிமிடத்திற்குத் திரும்பலாம்.

நிமிடக் கணக்கு எதற்கு? ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். புதன்கிழமை காலை 11.20 மணி. ஒரு மாணவியின் வகுப்பைத் திருத்த வந்த அலுவலர், 'இந்த எண்ணுடைய மாணவிக்கு மட்டும்' என்ற நிபந்தனையை எழுத மறந்து கட்டளையை அனுப்பிவிடுகிறார். ஒரு நொடியில் பள்ளியிலுள்ள அத்தனை பேரும் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு மாறிவிடுகிறார்கள், ஆறாம் வகுப்புக் குழந்தைகள் உட்பட! வட்டு நலமாக இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது, ஆனால் செய்தி போய்விட்டது. செவ்வாய் இரவு எடுத்த டம்பை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, லாக்கை 11.19 வரை மட்டும் ஓட்டி நிறுத்தினால், பிழை நடப்பதற்கு முந்திய நிமிடத்துத் தரவுத்தளம் கிடைத்துவிடும்.

பெரிய நிறுவனங்கள் ஒரு சர்வரில் எழுதுவதை உடனுக்குடன் இன்னொரு சர்வரிலும் எழுதி வைக்கின்றன. இரட்டைப் பிள்ளை போல் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். இது இருந்தால் காப்புப்படி வேண்டாம் என்று எண்ணுபவர் உண்டு. புதன்கிழமைப் பிழையை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் நடந்த பிழை மறு நொடியே மற்றொன்றிலும் நடந்துவிடும். ஒரு சர்வர் நின்றால் வேலை தடைபடாமல் இருக்க இரட்டை உதவுமே அன்றி, நேற்றைய நிலையை அது தராது.

இனி, படியை எங்கே வைப்பது? இதற்கு மதுரையின் வரலாற்றிலேயே அருமையான சான்று ஒன்று உண்டு. 1606ஆம் ஆண்டு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவரும் அவருக்குப் பின் வந்த மதுரை மிஷன் குருக்களும் ஆண்டுதோறும் தம் பணி பற்றியும் இந்நாட்டு நிலை பற்றியும் ஐரோப்பாவுக்கு விரிவான கடிதங்கள் எழுதினார்கள். அக்காலத்தில் கப்பல்கள் புயலில் மூழ்கும். பகைவர் கையிலும் சிக்கும். ஆகவே முக்கியமான கடிதங்களை இரண்டு, மூன்று படிகளாக எழுதி, முதல் வழி, இரண்டாம் வழி என்று குறித்து, வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது இயேசு சபையாரின் வழக்கமாயிருந்தது. ஒரு கப்பல் கவிழ்ந்தாலும் இன்னொன்று கரை சேரும் அல்லவா?

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. பின்னர் 1814இல் அது மீண்டும் நிறுவப்பெற்று, 1837இல் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்தனர். அவர்களுள் ஒருவரான ஜோசப் பெர்த்ராந்து அடிகளார், ஐரோப்பாவில் காக்கப்பட்டிருந்த அந்தப் பழைய கடிதங்களைத் தொகுத்து, பிரெஞ்சு மொழியில் 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதிய சத்தியநாத ஐயர் 1924இல் வெளிவந்த தம் ஆங்கில நூலுக்கு இக்கடிதங்களைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். சிலவற்றை மொழிபெயர்த்துப் பிற்சேர்க்கையாகவும் தந்தார். திருமலை நாயக்கர் காலத்துப் போரும் பஞ்சமும் நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதற்கு, கடல் கடந்து வைக்கப்பட்ட அந்தப் படிகளும் ஒரு காரணம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மதுரை மிஷனில் உழைத்த அந்தோணி புரொயென்சா அடிகளார் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். அவர் மறைந்த பின் 1679இல் அது கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. நம் நாட்டில் அதன் படி ஒன்றுகூட எஞ்சவில்லை. வத்திக்கான் நூலகத்தில் இருந்த ஒரே ஒரு படியைக் கொண்டு, தனிநாயகம் அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் அதனை மீண்டும் பதிப்பித்தார். இதைக் காப்புப்படியின் வெற்றி என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கடிதங்கள் பிழைத்தது திட்டத்தினால். அகராதி பிழைத்தது தற்செயலால். உலகில் ஒரே ஒரு படி என்பது காப்பு ஆகாது.

இன்றைய கணிப்பொறி உலகில் இதற்கு 3-2-1 என்று ஒரு விதி வழங்குகிறது. பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் இதனைப் பரப்பினார். மொத்தம் மூன்று படி. இரண்டு வகைச் சாதனம். ஒன்றாவது வேறு இடத்தில். விதியின் மூன்றாம் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தென்கொரியாவின் தேஜன் நகரில் அரசின் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அதில் அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியிடத்துப் படியே எடுக்கப்படவில்லை. கணிப்பொறித் துறையில் முன்னணியில் நிற்கும் நாட்டில் நடந்தது இது.

நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. மேலே சொன்ன கோஹாவை வழக்கமான முறையில் நிறுவினால், அது நாள்தோறும் தானே ஒரு காப்புப்படி எடுத்துக்கொள்ளும். மகிழ்ச்சியே. ஆனால் நாம் மாற்றாதவரை அப்படி சேர்வது அதே கணிப்பொறியின் வட்டில். அதுவும் இரண்டு நாட்களுக்கு மட்டும். வீடு எரிந்தால் பீரோவும் எரியும், பீரோவுக்குள் இருக்கும் பத்திரத்தின் நகலும் எரியும். 2024 அக்டோபரில் ஒரே பிற்பகல் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை மதுரை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தரைத்தளத்து அறையில் சர்வர், அதன் மேலேயே காப்பு வட்டு என்றால் வெள்ளத்திற்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த வேலைகளையெல்லாம் ஒருவர் நாள்தோறும் நினைவு வைத்துச் செய்ய முடியாது. அதற்காகவே காப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. பேகுலா என்பது அவற்றுள் ஒன்று. 2000ஆம் ஆண்டில் கெர்ன் சிபால்டு என்பவரால் தொடங்கப்பட்டது. இதுவும் விலையின்றிக் கிடைப்பது. அதில் மூன்று முக்கிய அங்கங்கள் உள்ளன. எப்போது, எதை, எங்கே என்று கட்டளையிடுவது டைரக்டர். சர்வரில் தங்கிக் கோப்புகளை எடுத்துக் கொடுப்பது ஃபைல் டீமன். அவற்றை வாங்கி வட்டிலோ நாடாவிலோ எழுதி வைப்பது ஸ்டோரேஜ் டீமன். (டீமன் என்ற பெயரைக் கண்டு நம் சகோதரிகள் அஞ்ச வேண்டாம்! திரைக்குப் பின்னால் ஓயாமல் வேலை செய்யும் மென்பொருளைக் கணிப்பொறியாளர் அப்படித்தான் அழைக்கிறார்கள்.) தரவுத்தளத்திற்கு டைரக்டரிடம் ஒரு சிறப்புக் கட்டளை கொடுத்து வைப்போம்: படி எடுக்கும் முன் முதலில் டம்பை எழுதச் சொல், அது முடிந்ததும் அதனை எடுத்துச் செல்.

எந்தக் கோப்பு எந்த நாளில் எந்த நாடாவில் இருக்கிறது என்னும் பட்டியலைக் கேட்டலாக் என்ற இடத்தில் பேகுலா வைக்கிறது. அந்தக் கேட்டலாகும் ஒரு தரவுத்தளமே. அதற்கும் காப்புப்படி வேண்டும்! நூலகம் எரிந்த பின் புத்தகங்கள் ஒரு கிடங்கில் பத்திரமாக இருந்தும், எந்தப் பெட்டியில் எது என்று எழுதிய தாள் எரிந்துவிட்டால் எவ்வளவு திண்டாட்டம்? ஆதலின் அப்பட்டியலின் படியையும், மீட்பதற்கு வேண்டிய குறிப்புக் கோப்பையும் தனியே வெளியிடத்தில் வைப்பது அறிந்தோர் வழக்கம்.

எத்தனை நாள் படிகளை வைத்திருப்பது என்பதிலும் சிக்கனம் கூடாது. ஒரு மாணவியின் பிறந்த தேதி தவறாக மாற்றப்பட்டது இரண்டு மாதம் கழித்தே தெரிய வரலாம். ஏழு நாளைய படி மட்டும் இருந்தால் ஏழிலும் அந்தத் தவறே இருக்கும். நாள் படி ஏழு, வாரப் படி நான்கு, மாதப் படி பன்னிரண்டு என்று வைப்பது ஒரு பள்ளிக்குப் பொருத்தமாக இருக்கும். பொதுத்தேர்வு முடிவுக்குப் பின் எடுத்த படியை அழிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இவ்வளவும் படி எடுத்தல். இனி மீட்டு எடுத்தலுக்கு வருவோம். கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கிட்லேப் என்பது உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் நிறுவனம். 2017 ஜனவரி 31ஆம் நாள் இரவு அதன் போஸ்ட்கிரெஸ் சர்வரில் சிக்கல் எழுந்தது. முதன்மைச் சர்வருக்கும் அதன் இரட்டைக்கும் இடையே ஒற்றுமை குலைந்திருந்தது. இரட்டையில் இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று எண்ணிய பொறியாளர், களைப்பில், முதன்மைச் சர்வரிலேயே அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். இரண்டொரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். ஆனால் சுமார் 300 கிகாபைட் இருந்த இடத்தில் எஞ்சியது 4.5 கிகாபைட்தான்.

பரவாயில்லை, காப்புப்படிகள் பல வழிகளில் எடுக்கப்படுகின்றனவே என்று தேடினார்கள். நாள்தோறும் டம்ப் சேர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் அது தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் புறப்பட்டன. ஆனால் சரியான முத்திரை இல்லை என்று அஞ்சல் சர்வர் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. வட்டுகளை அப்படியே படம் பிடிக்கும் வசதி வேறு சர்வர்களுக்கு இருந்தது, தரவுத்தளச் சர்வருக்கு இல்லை. கடைசியில் கைகொடுத்தது, விபத்துக்கு ஆறு மணி நேரம் முன் அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காகத் தம் கையால் எடுத்து வைத்த ஒரு படி. மெதுவான வட்டிலிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவர ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் பிடித்தது. ஆறு மணி நேரத்து வேலை மீளவில்லை. ஏறக்குறைய 5,000 திட்டங்களின் பதிவுகளும் 700 புதிய பயனாளர் கணக்குகளும் போயின. நிறுவனத்தார் இதை மூடி மறைக்காமல், மீட்பு வேலையை எல்லாரும் காண நேரலையாகக் காட்டினார்கள். நமக்கு இவ்வளவு விவரம் தெரிவதற்கு அந்த நேர்மையே காரணம்.

இங்கே தவறான கட்டளையை விடப் பெரிய குறை எது? அத்தனை நாட்களில் ஒரு நாளாவது, ஒரு பழைய டம்பை எடுத்து ஏற்றிப் பார்த்திருந்தால் அந்தக் கிடங்கு வெறுமையாக இருப்பது அன்றே தெரிந்திருக்கும். பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே பாண்டியன் பொருள் அறிந்தவர் ஒருவருக்கு ஓலை விடுத்திருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மீட்டுப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. இயங்கும் சர்வரின் மேல் ஒருபோதும் ஏற்றக்கூடாது. சோதிக்கப் போய் உள்ளதையும் இழக்க நேரும். பழைய கணிப்பொறி ஒன்றைத் தனியே வைத்து, சர்வரில் உள்ள அதே பதிப்புத் தரவுத்தள மென்பொருளை நிறுவி, வெளியிடத்தில் இருக்கும் படியைக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். பிறகு எண்ண வேண்டும். மாணவியர் எத்தனை பேர், புத்தகங்கள் எத்தனை, சென்ற வாரம் கடைசியாகச் சேர்ந்த மாணவி இருக்கிறாளா? எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நிறைவு கொள்ளாதீர்கள். சில பதிவுகளைத் திறந்து கண்ணால் படியுங்கள்.

ஏன் என்கிறீர்களா? தமிழ்ப் பெயர்களுக்கு என்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. தரவுத்தளம் யூனிகோடு முறையில் தமிழைச் சேமித்திருக்கும். டம்ப் எடுக்கும்போதோ ஏற்றும்போதோ ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இடமளிக்கும் பழைய குறிமுறையைத் தேர்ந்துவிட்டால், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிடும். ஆயிரத்து இருநூறு வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து இருநூறும் இருக்கும். எண்களும் தேதிகளும் சரியாக இருக்கும். பெயர் இருந்த இடத்தில் மட்டும் '?????' என்று நிற்கும். கேள்விக்குறியிலிருந்து மீனாட்சியையும் ஆரோக்கியமேரியையும் பாத்திமாவையும் திரும்ப வரவழைக்க எந்த மென்பொருளாலும் ஆகாது. வெள்ளைக்காரர் எழுதிய வழிகாட்டி நூல்களில் இந்த எச்சரிக்கை பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். நமக்கு அது முதல் பக்கத்துச் செய்தி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை வைத்திருக்கும் பெற்றோர்க்கும் இதுவே சொல்வேன். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். இயன்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மதுரைக் கடிதங்களும் அவ்வாறே. போர்ச்சுகீசியமும் இலத்தீனும் படிக்கத் தெரிந்தவர் இருந்ததால் அன்றோ அவை வரலாறு ஆயின?

காப்புப்படி வெளியிடத்திற்குப் போகிறது என்றால், அதில் உள்ள மாணவியரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் கூடப் போகின்றன. ஆதலின் பூட்டு போட்டே அனுப்ப வேண்டும். குழந்தைகளின் செய்திகளைத் தனிக் கவனத்துடன் காக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. குறியாக்கம் என்னும் இந்தப் பூட்டின் சாவி ஒரு நீண்ட சொற்றொடர். அது சர்வரில் மட்டும் இருந்தால், சர்வர் எரியும் நாளில் சாவியும் எரியும். படி இருந்தும் திறக்க முடியாது. தாளில் எழுதி, உறையிலிட்டு, தலைமை ஆசிரியை அவர்களின் இரும்புப் பெட்டியில் ஒன்றும் வேறு கட்டடத்தில் ஒன்றுமாக வைப்பது பழைய முறைதான், ஆனாலும் இன்றுவரை அதைவிடச் சிறந்ததை நான் காணவில்லை.

மேல்வகுப்பு மாணவியர் கணிப்பொறி ஆய்வகத்தில் செய்து பார்க்க ஒரு பயிற்சி:

மூன்று மூன்று பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். முதல் மாணவி, 'வகுப்புப் புத்தகங்கள்' என்று ஒரு சிறு தரவுத்தளம் அமைத்து, தமிழ்ப் பெயர்களுடன் இருபது வரிகள் எழுதி, டம்ப் எடுத்துப் பென் டிரைவில் கொடுக்கட்டும். உண்மையான மாணவியர் பெயரும் எண்ணும் வேண்டாம். கற்பனைப் பெயர்களே போதும். இரண்டாம் மாணவி, முதல்வரிடம் ஒரு சொல்லும் கேட்காமல், வேறொரு கணிப்பொறியில் அதனை ஏற்றட்டும். கேட்க நேர்ந்த ஒவ்வொரு கேள்வியையும் மூன்றாம் மாணவி எழுதி வைக்கட்டும்: எந்தப் பதிப்பு, என்ன கடவுச்சொல், எந்தக் கோப்பு புதியது? அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிய தாள்தான் உங்கள் மீட்புக் குறிப்பேட்டின் முதல் பக்கம். பிறகு இடம் மாறிக்கொண்டு மறுபடி செய்யுங்கள். கேள்வி ஒன்றும் எழாத சுற்று எத்தனையாவது என்று குறித்து வையுங்கள்.

கூடவே ஒரு கணக்கு. காப்புப்படி 50 கிகாபைட்; அதைக் கொண்டுவரும் கம்பியின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதை மறவாமல், பள்ளி அலுவலகம் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். ஒரு கிகாபைட்டை 1,000 மெகாபைட் என்று கொண்டால் விடை 67 நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாக வரும். அலுவலகத்து மணி அடிப்பது ஒன்பதரைக்கு என்றால், வேலையை எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்?